வீட்டிற் கழிந்த பொருள்களைக் கொண்டு வெகுமதிகளும் அலங்காரங்களும் செய்யும் முறை

ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கு விதையைப் பற்றியும், உரத்தைப் பற்றியும், கால்நடையைப் பற்றியும், கடன் தவணையைப் பற்றியும் அடிக்கடி எடுத்துச் சொல்லப்பட்டு வருகிறது. ஆனால் வருஷத்தில் பல முறை குடும்பத்தின் பணப்பையைத் திறக்கச் செய்யும் ஒரு செலவைப் பற்றி யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. விசேஷ காலங்களில் பிறருக்குக் கொடுப்பதற்காக வாங்கும் வெகுமதிகளுக்கும், பந்தலையும் வீட்டையும் சிங்காரிப்பதற்காக வாங்கும் அலங்காரப் பொருள்களுக்கும் ஆகும் செலவே அது. இவற்றுள் பெரும்பாலானவற்றை வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய காகிதம், துணி, கொட்டாங்கச்சி ஆகியவற்றைக் கொண்டே செய்து கொள்ளலாம் என்பதையும், செய்யும் முறை இன்னதென்பதையும், அதனால் சங்கத்திற்கு உண்டாகும் நன்மை யாதென்பதையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

1. இது சங்கத்தைச் சேர்ந்த விஷயமா?

கைவேலையைப் பற்றிச் சங்க அங்கத்தினர்களுக்குச் சொல்வானேன் என்று சிலர் கேட்கலாம். நமது நாட்டில் ஐக்கிய சங்கங்கள் ஏற்பட்டதற்குக் காரணமே குடியானவரின் கடன் தொல்லைதான். சென்னை அரசாங்கத்தாரின் உத்தரவின்பேரில் ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் என்பவர் ஐரோப்பிய தேசங்களின் நாணயச் சங்கங்களை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாகத் தமது அறிக்கையை வெளியிட்டார். அதன் பிறகு 1904-ல் ஐக்கிய நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷத்திலேயே அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூர் கிராமத்தில் சங்கம் பதிவாயிற்று.

குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தால் மட்டும் போதாது, கடன் வாங்க வேண்டிய அவசியத்தையும் குறைக்க வேண்டும் என்பதை அக்காலத்தில் சங்க வேலையில் ஈடுபட்டவர்கள் கண்டார்கள். அந்நாளைய பஞ்சாப் மாகாணத்தில் 1920-களில் நல்வாழ்வுச் சங்கங்கள் என்ற பெயரால் சில சங்கங்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் அங்கத்தினர்கள் கலியாணம் முதலிய சடங்குகளுக்கு இவ்வளவுக்கு மேல் செலவிடுவதில்லை என்று தங்களுக்குள் தாங்களே வரம்பு கட்டிக் கொண்டார்கள். ஆகையால் விசேஷச் செலவைச் சுருக்குவது பழைய காலந்தொட்டே சங்க வேலையைச் சேர்ந்த விஷயம்.

ஓர் அங்கத்தினரை உதாரணமாகக் கொள்வோம். அவர் நெற்பயிருக்காகச் சங்கத்தில் கடன் பெறுகிறார். கடன் கையில் வந்த மாதத்திலேயே மகளுக்கு வளைகாப்பு நேருகிறது. வந்தவர்களுக்குப் பையும், கிண்ணமும், கண்ணாடித் தாள் சுற்றிய பரிசும் கொடுக்காவிட்டால் ஊரார் நகைப்பார்கள் என்று அஞ்சி, மேலுரத்திற்கென்று வைத்திருந்த தொகையில் ஒரு பகுதியைச் செலவிட்டு விடுகிறார். பயிருக்கு உரம் வேண்டிய வாரத்தில் பணம் இல்லை. விளைச்சல் குறைகிறது, தவணை தவறுகிறது, தவணை தவறாதவர்க்குக் கிடைக்கும் வட்டிச் சலுகையும் கைநழுவிப் போகிறது. அவர் கொடுத்த பரிசுகளோ அடுத்த மாதத்தில் குப்பை மேட்டிற் கிடக்கின்றன. செலவான தொகை அற்பமாயிருக்கலாம். அது எந்த வாரத்தில் செலவாயிற்று என்பதே கவனிக்கத் தக்கது. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியோர் சொல்லியதன் கருத்து இதுவே.

2. எவற்றைச் சேர்ப்பது? எவற்றை விலக்குவது?

வீட்டில் ஒரு மூலையில் சாக்கு ஒன்றும், பழைய தகரப் பெட்டி ஒன்றும் வைத்துக் கொள்க. சாக்கில் பழைய செய்தித்தாள், பிள்ளைகளின் எழுதித் தீர்ந்த நோட்டுப் புத்தகம், அட்டைப் பெட்டி, கலியாணப் பத்திரிகை ஆகியவற்றைப் போடலாம். பெட்டியில் வெளுத்து உலர்த்திய பழஞ்சேலை, வேஷ்டி, தையற்காரரிடம் மிஞ்சிய வெட்டுத் துணி, பழைய சட்டையின் பொத்தான் ஆகியவற்றை மடித்து வைக்கலாம். துணியோடு காய்ந்த வேப்பிலையும் போட்டு வைப்பது நம் வீடுகளில் வழக்கமானதே. தேங்காய் உடைத்தபின் நல்ல கொட்டாங்கச்சிகளைத் தனியே எடுத்து, மழைநீர் தேங்காதபடி கவிழ்த்து வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய கொட்டாங்கச்சி ஒன்றில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கி விடும்.

சில பொருள்களை எக்காரணத்தைக் கொண்டும் தொடலாகாது. பூச்சிமருந்து இருந்த டப்பாவும் புட்டியும் எவ்வளவு அழகாக இருந்தாலும், எத்தனை முறை கழுவினாலும், பூச்சாடியாகவோ உண்டியலாகவோ மாற்றத் தக்கவை அல்ல. தேய்ந்த பாட்டரிகளையும் உடைந்த குழல் விளக்குகளையும் பிள்ளைகள் கையிற் கொடுக்கலாகாது. உடைந்த வளையல் துண்டுகளைக் கொண்டு சித்திரம் செய்வோர் சாமணத்தால் எடுத்து ஒட்ட வேண்டும். சிறு குழந்தை உள்ள வீட்டில் அவ்வேலையே வேண்டாம். பிளாஸ்டிக் உறைகளை எரித்துக் கழிப்பதும் கூடாது. அந்தப் புகை சுவாசத்திற்குக் கேடு செய்வது.

3. காகிதக் கூழ் வேலை

இது புதிய வித்தை அன்று. நம் பாட்டிமார் காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்துக் கூடையும் தட்டும் செய்து வைத்திருந்ததைப் பல கிராமங்களில் இன்றும் காணலாம். மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைத்து மெழுகுவதற்கும் இக்கூழே உதவிற்று. அம்முறையைப் படிப்படியாகச் சொல்லுவோம்.

முதலாவது, ஊறவைத்தல். 1 கிலோ பழங்காகிதத்தைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி 2 அல்லது 3 நாள் ஊறவிட வேண்டும். நாற்றம் உண்டாகாமலிருக்கத் தினந்தோறும் தண்ணீரை மாற்ற வேண்டும். கத்தரித்தலைவிடக் கையாற் கிழித்தலே நல்லது. கிழிந்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்பதால் தண்ணீர் விரைவில் ஏறும். வழவழப்பான பத்திரிகைத் தாளில் வெண்களிமண் போன்ற பூச்சு இருப்பதால் அது நன்றாகக் கூழாகாது. பிளாஸ்டிக் மேற்பூச்சு ஏறிய கலியாணப் பத்திரிகை எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. அவ்விரண்டையும் வேறு வேலைக்கு ஒதுக்கி வைக்கலாம். நோட்டுப் புத்தகத் தாள் வெளுப்பான கூழையும், செய்தித்தாள் சாம்பல் நிறக் கூழையும் கொடுக்கும்.

இரண்டாவது, அரைத்தல். மேற்கண்ட அளவு காகிதத்திற்கு ஏறக்குறைய 100 கிராம் வெந்தயத்தை முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் நுரைக்க அரைத்துக் கொள்ள வேண்டும். ஊறிய காகிதத்தைப் பிழிந்து, உரலிலிட்டு இடித்தோ, ஆட்டுக்கல்லில் ஆட்டியோ கூழாக்கி, அதனோடு வெந்தய விழுதைச் சேர்த்து ஒருசேர அரைக்க வேண்டும். மின்சார அரைவை யந்திரத்தை உபயோகிப்போர் தண்ணீர் தாராளமாக விட்டு, சிறிது சிறிதாகப் போட்டு அரைக்க. கெட்டியாகப் போட்டால் யந்திரம் சூடேறிக் கெடும். சாந்து போலத் திரண்டு, கையில் உருட்டினால் விரியாமல் நிற்பதே பதம்.

வெந்தயம் எதற்காக? ஊறிய வெந்தயத்தினின்று வெளிப்படும் வழவழப்பான பிசின் காகித நார்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. அதன் கசப்பு பூச்சிகளை அண்டவிடாது என்பது நம்மவர் அனுபவம். காகிதம் என்பதே மரநார்களின் கூட்டம். நீரில் ஊறும்போது நார்கள் பிரிகின்றன, உலரும்போது மறுபடியும் பின்னிப் பிடித்துக் கொள்கின்றன. கூழ் வேலையின் இரகசியம் முழுவதும் இதுவே.

மூன்றாவது, வார்த்தல். கிண்ணம், தாம்பாளம், பானை முதலிய ஏதேனும் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன் மேல் ஈரத் துணி ஒன்றைச் சுருக்கமின்றிப் போர்த்த வேண்டும். துணியின் மேல் கூழைக் கால் அங்குலக் கனத்திற்குச் சமமாக அப்பி, கைவிரலைத் தண்ணீரில் தோய்த்துத் தடவி வழவழப்பாக்க வேண்டும். பாத்திரத்தின் விளிம்பு வரை அப்பாமல் ஒரு விரற்கிடை விட்டு நிறுத்தினால் பின்னர் எடுப்பதற்கு எளிதாயிருக்கும். கழுத்துச் சிறுத்த குடத்தை அச்சாகக் கொள்ளலாகாது. உலர்ந்த கூழை வெளியே எடுக்க வழியிராது.

நான்காவது, உலர்த்தல். இதிலேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அப்பிய உடனே கடும் வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்தி உலர்ந்து வெடிக்கும். முதல் நாள் நிழலிலும், பிறகு இளவெயிலிலும் வைக்க வேண்டும். கூழ் உலர உலரச் சுருங்குமாதலால், முழுதும் உலரும் வரை பாத்திரத்தின் மேலேயே விட்டால் அது இறுகப் பற்றிக் கொண்டு வர மறுக்கும். முக்காற்பதம் உலர்ந்தவுடன் துணியோடு மெல்லக் கழற்றி, துணியை உரித்து, உட்புறத்தையும் வெயிலிற் காய விட வேண்டும். நல்ல வெயிற் காலத்தில் 4 அல்லது 5 நாளில் ஓடு போல உலர்ந்து விடும். விரலாற் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு வர்ணம் பூசினால் பூசணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் இவ்வேலையைத் தொடங்கலாகாது. அறுவடை ஓய்ந்து வெயில் ஏறும் மாசி, பங்குனி மாதங்களே இதற்கு உகந்தவை.

ஐந்தாவது, பூசுதல். விளிம்பைக் கத்தரியால் நேராக்கி, உப்புத்தாளால் தேய்த்து, மைதா மாவுப் பசையால் மெல்லிய வெள்ளைத் தாள் துண்டுகளை உள்ளும் புறமும் ஒட்ட வேண்டும். உலர்ந்தபின் சாக்குக்கட்டிப் பொடியைப் பசையிற் குழைத்து ஒரு பூச்சுக் கொடுத்தால் வர்ணம் நன்றாகப் பிடிக்கும். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை மைதாப் பசையைவிட உறுதியானது. அதன்மேல் செம்மண், காவி, மஞ்சள் முதலியவற்றாற் கோலமிடலாம். மஞ்சள் வெயிலில் வெளுக்கும் என்பதையும், சவர்க்காரமோ சுண்ணாம்போ பட்டாற் சிவக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆரத்தி நீர் சிவப்பதும் இதே காரணத்தினால்தான்.

இவ்வாறு 1 கிலோ காகிதத்தில் நடுத்தரமான தட்டு 2 அல்லது 3 செய்யலாம். வளைகாப்பில் வளையல் வைத்துக் கொடுக்கவும், நலங்கில் பூவும் மஞ்சளும் வைக்கவும், நவராத்திரியில் சுமங்கலிகளுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கவும் இவை மிகவும் பொருத்தமானவை. ஆனால் ஈரப் பண்டத்தையும் எண்ணெய்ப் பண்டத்தையும் இவற்றில் நேராக வைக்கலாகாது. அச்சுமை உணவில் ஏறுவது உடலுக்குக் கேடு என்பதனால், செய்தித்தாளில் உணவுப் பண்டங்களைச் சுற்றுவதும் சேமிப்பதும் 2018-ம் வருஷத்து உணவுப் பொதிவு விதிகளால் தடை செய்யப்பட்டுள்ளது. பண்டம் வைக்க வேண்டுமானால் முதலில் வாழையிலையைப் பரப்பிக் கொள்க.

4. கூழ் வேலையால் புகழ் பெற்ற இடங்கள்

பழங்காகிதத்தைக் கொண்டு செய்வது தாழ்ந்த வேலை என்று எண்ணுவோர் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைக் கருதுவாராக. அதன் அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் களிமண்ணால் அமைகிறது. மேற்பாகமோ காகிதக் கூழால் மிக இலேசாக அமைகிறது. கனம் முழுவதும் அடியிலேயே தங்குவதால், எப்பக்கம் சாய்த்தாலும் பொம்மை மறுபடி நிமிர்ந்து விடுகிறது. தஞ்சாவூர்ப் பொம்மை இன்று புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்பைப் பெற்றிருக்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த திருக்கனூரின் காகிதக் கூழ்க் கைவேலையும் அத்தகைய குறியீட்டைப் பெற்றதே. காச்மீரத்திலோ கூழிலிருந்து உருவம் வார்ப்பவர் ஒரு கூட்டத்தார், அதன்மேல் சித்திரம் எழுதுபவர் மற்றொரு கூட்டத்தார் என்று தொழிலே இரண்டு பிரிவாக வளர்ந்து, அவர்கள் செய்யும் பேழைகள் கடல் கடந்து விற்பனையாகின்றன. கச்சாப் பொருள் எல்லாவிடத்தும் கழிந்த காகிதமே. கைத்திறமையும் பொறுமையுமே அதற்கு விலையை உண்டாக்கின.

தஞ்சையிற் பிறந்தவரான ஜே. ஸி. குமரப்பா, காந்தியடிகளின் ஆதரவில் 1934-ல் அமைக்கப்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் காரியதரிசியாக இருந்து, உள்ளூர்ப் பொருளைக் கொண்டு உள்ளூர்த் தேவையைப் பூர்த்தி செய்யும் தொழில்களை வளர்க்கப் பாடுபட்டார். அச்சங்கம் ஊக்கமளித்த தொழில்களுள் கைக்காகிதம் செய்தலும் ஒன்று. அவருடைய கடைசிக் காலம் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியிலேயே கழிந்தது. அக்கருத்தை ஒரு வீட்டின் அளவில் அநுஷ்டிப்பதே நாம் சொல்லும் இவ்வேலை.

5. பழந்துணி வேலை

கலியாண வீட்டில் தாம்பூலப் பை கொடுக்கும் வழக்கம் எங்கும் பரவி விட்டது. தமிழ்நாட்டில் ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டதும், துணிப் பையை மறுபடியும் வழக்கத்திற் கொணர 2021-ல் மீண்டும் மஞ்சப்பை என்னும் இயக்கம் தொடங்கப்பட்டதும் அங்கத்தினர்கள் அறிந்ததே. அப்பையைக் கடையில் வாங்காமல் பழஞ்சேலையிலேயே தைக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். சாதாரணச் சேலை 6 கெஜம், அதாவது 216 அங்குல நீளமும், ஏறக்குறைய 44 அங்குல அகலமும் உடையது. 12 அங்குல அகலமும் 14 அங்குல உயரமும் உள்ள பைக்கு, மடிப்பும் தையலும் சேர்த்து, 30 அங்குல நீளமும் 13 அங்குல அகலமும் உள்ள துண்டு ஒன்று வேண்டும். நீளவாட்டில் 7 துண்டும் அகலவாட்டில் 3 துண்டுமாக, கிழிசல் இல்லாத சேலை ஒன்றில் 21 துண்டு கிடைக்கும். பக்கத்தில் மிஞ்சும் 5 அங்குலப் பட்டையையும், முனையில் மிஞ்சும் 6 அங்குலத் துண்டையும் 2 அங்குல அகலமும் 12 அங்குல நீளமுமாக நறுக்கினால் 21 பைக்கும் கைப்பிடிகள் அகப்படும். ஆனால் பழஞ்சேலையில் இடுப்பிற் செருகும் இடமும் கால்மிதிக்கும் ஓரமும் நைந்திருக்கும். அவற்றைக் கழித்து, சேலை ஒன்றுக்கு 15 பை என்று கொள்வதே சரியான மதிப்பு. துணியை இரு கையாலும் பிடித்து இழுத்தால் கிழியும் இடம் பைக்கு ஆகாது. பருத்திச் சேலையே இதற்குச் சிறந்தது. கைப்பிடி சேருமிடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தையல் போட வேண்டும்; பை அறுவது எப்போதும் அவ்விடத்திலேதான்.

பைக்கு ஆகாத நைந்த துணியையும் வீணாக்க வேண்டுவதில்லை. 2 அங்குல அகலப் பட்டைகளாகக் கிழித்து, மூன்று பட்டைகளைச் சேர்த்துச் சடை போலப் பின்னி, அச்சடையை வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தைத்தால் கால்மிதியாகும். வெளிச்சுற்றை இழுத்துப் பிடித்துத் தைத்தால் மிதி தட்டையாக இராமல் கிண்ணம் போலக் குழியும். ஒவ்வொரு சுற்றையும் தரையில் பரப்பி வைத்து, சடையைத் தளர்வாக விட்டுத் தைக்க வேண்டும். புதுக்குடித்தனம் போகும் பெண்ணுக்கு, அவள் வளர்ந்த வீட்டில் அவளும் அவள் தாயும் உடுத்த சேலைகளால் ஆன மிதி ஒன்று கொடுப்பதைப் போன்ற நினைவுப் பொருள் வேறு எக்கடையில் கிடைக்கும்?

6. கொட்டாங்கச்சியும் பிறவும்

கொட்டாங்கச்சியை இரும்பறுக்கும் வாளால் வேண்டிய அளவுக்கு அறுத்து, ஓடு வழவழப்பாகும் வரை முதலில் முரட்டு உப்புத்தாளாலும் பிறகு மெல்லிய உப்புத்தாளாலும் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவித் துணியால் மெருகிட்டால் கருங்காலி போல மின்னும். தேய்க்கும்போது தூசி மூக்கில் ஏறாதபடி துணி கட்டிக் கொள்ள வேண்டும். குங்குமச் சிமிழ், கரண்டி, உப்புக் கிண்ணம் ஆகியவற்றை இவ்வாறு செய்யலாம். செடி வைக்கும் தொங்கு சட்டியாக்குவோர் அடியில் துவாரமிட மறக்கலாகாது.

கரையாத கலியாணப் பத்திரிகைகளை இலை வடிவில் நறுக்கி நூலிற் கோத்தால் பல வருஷம் உதவும் தோரணமாகும். அவற்றின் உறைகளைத் திருப்பி ஒட்டினால் மொய்ப்பணம் வைக்கும் கவராகும். கிறிஸ்து பிறப்புக் குடிலுக்குக் கசக்கிய சிமெண்டுத் தாளைப் பசையில் தோய்த்து மலையும் குகையும் அமைக்கலாம். எம்மதத்தினர் பண்டிகையாயினும் இதற்கு இடமுண்டு. ஆனால் கழிவுப் பொருளில் வேலை செய்வதாகச் சொல்லிக் கொண்டு, அதை அலங்கரிக்க மினுக்குத் தூளும், தெர்மாகோலும், விலையுயர்ந்த வர்ணமும் கடையில் வாங்குவது, பழைய வண்டிக்குத் தங்க அச்சாணி செய்வது போலாகும். வாங்கிய பொருளின் விலை மிச்சமாகும் விலையை மிஞ்சாதபடி பார்த்துக் கொள்ளல் வேண்டும்.

7. சில ஆக்ஷேபணைகளுக்குச் சமாதானம்

மங்கள காரியத்தில் பழையதைக் கொடுக்கலாமா என்பது முதலாவது ஆக்ஷேபணை. கூறைச் சேலைக்கும் கோடித் துணிக்கும் புதியதே வேண்டும் என்பதில் தடையில்லை. அவ்வழக்கத்தை மாற்றும்படி நாம் சொல்லவில்லை. ஆனால் பிறந்த குழந்தையை முதன்முதலில் ஏந்துவது வீட்டிலுள்ள பழைய மெல்லிய துணியிலேதான் என்பதை நினைக்க வேண்டும். உலகத்தில் எல்லாவற்றிலும் அருமையான வெகுமதியைப் பழந்துணியில் ஏந்திய நாம், தேங்காயும் வெற்றிலையும் வைக்கும் பைக்குப் பழந்துணி ஆகாதென்பது பொருந்துமா? வெளுத்து, மஞ்சள் நீரில் நனைத்து உலர்த்தித் தைத்தால் சாஸ்திரத்திற்கும் கண்ணுக்கும் குறைவில்லை.

இதைக் கஞ்சத்தனம் என்று ஊரார் பேசுவார்களே என்பது இரண்டாவது ஆக்ஷேபணை. ஒருவர் மாத்திரம் செய்தால் பேசத்தான் பேசுவர். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து செய்தால் அதுவே ஊர் வழக்கமாகி விடும். வழக்கத்தைத் தனி மனிதன் மாற்றுவது கஷ்டம். சங்கம் மாற்றுவது எளிது. சங்கம் என்ற பெயர் நமக்கு வாய்த்திருப்பதும் அதற்காகவே.

வேலை செய்ய நேரம் ஏது என்பது மூன்றாவது. வருஷம் முழுவதும் நேரமில்லாத குடும்பம் இருக்கலாம். அவர்களை வற்புறுத்துவது நியாயமன்று. சமையல், மாடு, களையெடுப்பு என்று ஏற்கெனவே ஓய்வின்றி உழைக்கும் பெண்மக்கள் தலையில் மட்டும் இதையும் ஏற்றி வைத்துப் புருஷர்கள் திண்ணையில் இருப்பதும் நியாயமன்று. காகிதத்தை இடிக்கவும், கொட்டாங்கச்சியை அறுக்கவும் ஆண்களின் கைக்கே பலம் அதிகம். பிள்ளைகளுக்கோ கிழிப்பதும் ஒட்டுவதும் விளையாட்டு.

8. சங்கம் செய்யத் தக்கது

ஒரு கலியாணத்திற்கு 300 பை வேண்டுமென்று வைத்துக் கொள்வோம். சேலை ஒன்றுக்கு 15 பை வீதம் 20 சேலை வேண்டும். ஒரு வீட்டில் 20 பழஞ்சேலை அகப்படாது. ஆனால் பத்து வீட்டார் இரண்டிரண்டு சேலை கொடுத்தால் தொகை நிரம்பி விடுகிறது. தையல் யந்திரத்தில் மணிக்கு 4 பை வீதம் 300 பைக்கு 75 மணி வேலை. 5 பேர் தினம் 2 மணி தைத்தால் 8 நாளில் முடியும். பை ஒன்று 15 ரூபாய் என்று வைத்தாலும் கடைக்குப் போகாமல் நின்ற தொகை 4,500 ரூபாய். அடுத்த கலியாணம் வேறொரு வீட்டில் வரும்போது, இன்று பெற்றுக் கொண்ட வீட்டார் சேலையும் உழைப்பும் திருப்பித் தருவர். பணமாக எழுதும் மொய் வட்டியைப் போல ஏறிக் கொண்டே போவதுண்டு. உழைப்பாக எழுதும் இந்த மொய்யோ ஏறாது. தனியாக முடியாததைப் பலர் சேர்ந்து முடிப்பதல்லவா ஐக்கியம்?

இதற்காகப் பஞ்சாயத்தார் சில ஏற்பாடுகளைச் செய்யலாம். சங்கக் கட்டிடத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, பழந்துணியும் காகிதமும் சேர்க்க இரு பெட்டிகள் வைக்கலாம். யார் எவ்வளவு கொடுத்தார், யார் எத்தனை மணி உழைத்தார் என்பதற்கு ஒரு சிறு நோட்டு வைத்து, மாதாந்தரக் கூட்டத்தில் வாசிக்கலாம். கணக்கில்லாத உதவி பிற்காலத்தில் மனஸ்தாபத்திற்கு இடமாகும். வார்க்கும் அச்சுகளையும், வாளையும், கத்தரியையும் பொதுவில் வைத்திருக்கலாம். வேலை தெரிந்த முதிய பெண்மணி ஒருவரை அழைத்து, கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்யலாம். அவருக்கு அதற்குரிய மரியாதையும் கூலியும் கொடுப்பது அவசியம்.

விற்பனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை கைதேர்ந்தபின் சில பொருள்களைச் சந்தையிலும் பண்டிகைக் கடையிலும் விற்கலாம். ஆனால் முதல் வருஷத்திலேயே இதைத் தொழிலாக எண்ணிக் கடன் வாங்கிக் கருவிகள் சேர்ப்பது விவேகமாகாது. முதலில் சொந்த வீட்டுச் செலவு குறையட்டும். பிறகு அயல் வீட்டார் கேட்கட்டும். அதன் பிறகு, பொருளின் விலையும், செலவான மணிகளின் கூலியும், வண்டிச் சத்தமும் எழுதிக் கூட்டி, அதற்கு மேல் கிடைத்தால் மட்டும் விற்க முற்படுக. தம் உழைப்பின் மணிகளைக் கணக்கில் எழுதாதவர் நஷ்டத்தை இலாபமென்று எண்ணி ஏமாறுவர்.

இவ்வருஷத்தில் ஒவ்வொரு சங்கமும் ஒரேயொரு விசேஷத்தை இம்முறையில் நடத்திப் பார்க்கட்டும். செலவைப் பழைய முறைச் செலவோடு ஒப்பிட்டு எழுதி, மிச்சமான தொகையை அவ்வீட்டார் பெயரில் சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் அன்றே கட்டட்டும். பயிருக்கு உரம் வேண்டிய வாரத்தில் அத்தொகை அங்கே காத்திருக்கும்.